தைத்த பையும் சுட்ட கேக்கும்: நண்பர்களுக்குச் செய்துகொடுக்க நினைக்கும் சேலம், ஏற்காடு வீடுகளின் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டில் தைக்கவும் கேக் செய்யவும் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். இது தொழிலாகச் செய்பவர்களுக்கு எழுதியதல்ல. பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கூடப் படித்த தோழிக்கும், ஆபீஸ் நண்பருக்கும் கையால் ஏதாவது செய்துகொடுக்க ஆசைப்படுபவர்களுக்கானது. அளவுகள் பெரும்பாலும் இரண்டு பொருள்களைச் சுற்றியே வரும்: ஒரு துணிப்பை, அந்தப் பைக்குள் சரியாக உட்காரும் ஒரு கேக்.

தையலும் தெரியாது, கேக்கும் செஞ்சதில்லைங்க. எதுல ஆரம்பிக்கிறது?

யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தினமும் காய் வாங்கப் போகிறவர் என்றால் பை. டீ குடிக்கும்போது கடித்துக்கொள்ள ஏதாவது தேடுகிறவர் என்றால் கேக். ஆளை நினைத்து ஆரம்பித்த வேலை பாதியில் நிற்பது குறைவு. வீடியோவைப் பார்த்து ஆசையில் ஆரம்பித்ததுதான் வெட்டிய துணியாகவே பீரோவில் கிடக்கும்.

தையலில் நேர்கோட்டுத் தையல் மட்டும் உள்ள பொருளை எடுங்கள். கேக்கில் கிரீம் இல்லாத, நீள டின்னில் சுடும் வெண்ணெய் கேக்கை எடுங்கள். இரண்டுமே முதல் தடவையிலேயே கொடுக்கும் தரத்துக்கு வரக்கூடியவை.

அம்மாவோட பழைய கால் மிஷின் இருக்கு. அது போதுமா, மோட்டார் வெச்ச புதுசு வாங்கணுமா?

போதும். நேர்த்தையலுக்குப் பழைய கால் மிஷினை மிஞ்ச முடியாது. பல வருஷம் ஓடாமல் நின்ற மிஷினுக்கு மூன்று வேலை செய்ய வேண்டும். கீழ்நூல் பாபின் இருக்கும் ஷட்டிலைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் அடைந்திருக்கும் பஞ்சுத் தூசியைப் பிரஷ்ஷால் எடுங்கள். மேலே உள்ள துளைகளில் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டு, பழைய துணியில் பத்து நிமிஷம் நூல் இல்லாமல் ஓட்டுங்கள். தோல் பெல்ட் தளர்ந்து வழுக்கினால் அரை அங்குலம் வெட்டிவிட்டுப் பின்னை மறுபடி மாட்டுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் மிஷின் சக்கரம் அசைய மறுப்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். சேலத்து வெயிலில் உறையாது என்றாலும், நாளாவட்டத்தில் பிசினாகிப் பஞ்சைப் பிடித்துவைக்கும். ஏற்கெனவே விட்டிருந்தால், மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓட்டி, துடைத்து, பிறகு மிஷின் எண்ணெய் விடுங்கள்.

துணிக்கு அடியில நூல் கூடு கட்டிக்கிது. பாபின்தானே கோளாறு?

பெரும்பாலும் இல்லை. அடியில் நூல் சுருண்டு கிடந்தால் மேல்நூல் தளர்வாக வருகிறது என்று அர்த்தம். மேலே இழுத்துப் பிடிக்காததால் கீழே குவிகிறது. மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காராமல் வெளியே ஓடியிருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதத்தைத் தூக்கி வைத்தால்தான் பல மிஷின்களில் அந்தத் தட்டுகள் விலகும். எனவே பாதத்தைத் தூக்கிவைத்து, முதலிலிருந்து நூலைக் கோத்துப் பாருங்கள். பாதிக் கோளாறுகள் இதிலேயே தீர்ந்துவிடும். கீழ்நூல் முடிச்சு முடிச்சாக மேலே தெரிந்தால் மட்டும் மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

இடையிடையே தையல் விட்டுப்போவது வேறு கோளாறு. ஊசி மழுங்கியிருக்கும் அல்லது திருப்பி மாட்டியிருக்கும். ஊசியில் நீளமான பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும். மெல்லிய மல் துணிக்கு 11ஆம் எண் ஊசி, சாதாரணக் காட்டனுக்கு 14, காடாத் துணிக்கும் பல மடிப்பு சேரும் இடத்துக்கும் 16. ஊசி விலை சொற்பம். முனை மழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள்.

துணி எவ்வளவு வாங்கணும்? காட்டன்னு சொல்லிக் குடுக்கறாங்க, நம்பலாமா?

ஒரு பைக்கு முக்கால் மீட்டர். துணியின் அகலம் 36 அங்குலமானாலும் 44 அங்குலமானாலும் இது போதும். எப்படிப் போதும் என்பது பை வெட்டும் பதிலில் வரும். சேலத்தில் முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதிப் பக்கம் வெட்டுத்துண்டுகளாகவும் கிடைக்கும். ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஐந்தாறு பைக்கான காடாத் துணியை மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்கக் கவலையில்லை.

காட்டனா என்று தெரிந்துகொள்ள, ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். காட்டன் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் கெட்டி உருண்டையாக நிற்கும். பட்டு முடி கருகும் வாசனை தரும். பைக்குக் கலப்புத் துணி பரவாயில்லை. சூடான தட்டைப் பிடிக்கும் துணிக்குக் கூடவே கூடாது.

வாங்கிட்டு வந்ததும் வெட்டிடலாமா?

வேண்டாம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். கஞ்சி போட்ட காடாத் துணி மீட்டருக்கு ஒன்றரை இரண்டு அங்குலம் சுருங்குவது சாதாரணம். தைத்த பிறகு சுருங்கினால் தையல் ஓரம் கொசுவம் வைத்தது போலச் சுருண்டுவிடும். சாயம் போகிறதா என்பதும் அந்தத் தண்ணீரிலேயே தெரிந்துவிடும்.

பைக்கு அளவு என்ன? ஓரம் பிசிறாம எப்படித் தைக்கிறது?

உடலுக்கு 16 அங்குல அகலம், 18 அங்குல உயரத்தில் இரண்டு துண்டு. பிடிக்கு 4 அங்குல அகலம், 22 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு. உடல் துண்டுகளைத் துணியின் அகலத்தில் பக்கத்தில் பக்கமாக வைத்தால் 32 அங்குலம் போதும். பிடிகளை மிச்சத் துணியில் குறுக்கே வெட்டுங்கள். துணி எந்த அகலமானாலும் இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்துவிடும்.

பிசிறு வராமலிருக்க ஓவர்லாக் மிஷின் தேவையில்லை, இரட்டைத் தையல் போதும். துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு துண்டையும் சேர்த்து, இரண்டு பக்கமும் அடியும் கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிறை ஒட்ட வெட்டி, பையை உள்பக்கம் திருப்பி, அதே ஓரங்களில் மறுபடி கால் அங்குலத்தில் ஒரு தையல். முதல் தையலின் பிசிறு முழுக்க உள்ளே அடைபட்டுவிடும். இப்போது அடிமூலை ஒவ்வொன்றையும் முக்கோணமாக விரித்து, பக்கத் தையலும் அடித் தையலும் ஒரே நேர்கோட்டில் வரும்படி வைத்து, கோடு 5 அங்குல நீளம் இருக்கும் இடத்தில் குறுக்கே தையுங்கள். பைக்கு 10க்கு 5 அங்குலத் தட்டையான அடி கிடைக்கும். 8க்கு 4 அங்குல கேக் சாயாமல் உட்காருவதற்கான கணக்கு இது.

பிடித் துண்டின் இரண்டு நீள ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் நான்கு மடிப்புள்ள ஒரு அங்குலப் பட்டை. இரண்டு ஓரமும் தைத்துவிடுங்கள். பையின் வாயை முதலில் அரை அங்குலம், பிறகு ஒரு அங்குலம் மடிக்கும்போதே பிடியின் முனைகளை மடிப்புக்குள் செருகி, பக்கத் தையலிலிருந்து 4 அங்குலம் தள்ளி வையுங்கள். பிடி சேரும் இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டுத் தைக்க வேண்டும். கடைப் பை அறுந்து விழுவது இங்கேதான். இங்கே மடிப்பு அதிகம் என்பதால் 16 ஊசி போட்டு, காலால் மிதிக்காமல் கைச்சக்கரத்தைச் சுற்றியே தையுங்கள்.

ஓவன் இல்ல. குக்கர்ல கேக் வருமா?

வரும். ஆனால் குக்கரைவிட, மூடி இறுக்கமாக உள்ள அடிகனமான பழைய அலுமினியப் பாத்திரம் நல்லது. குக்கரைத் தண்ணீர் இல்லாமல் சூடாக்கிக்கொண்டே இருந்தால் அது கெட்டுப்போகும். குக்கர்தான் என்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அடியில் ஒரு அங்குலம் கல்லுப்பு, அதன்மேல் ஒரு வளையம், மூடி வைத்து மிதமான தீயில் 10 நிமிஷம். பிறகு டின்னை வைத்து மிகக் குறைந்த தீயில் 45 முதல் 55 நிமிஷம். மேலே சூடு இல்லாததால் கேக்கின் மேல்பகுதி வெளுப்பாகவே இருக்கும். அது வேகவில்லை என்பதன் அடையாளம் அல்ல. அந்த உப்பைச் சமையலுக்கு எடுக்காமல் தனி டப்பாவில் வைத்தால், அடுத்த கேக்குக்கும் அதுவே ஆகும்.

கேக்குக்கு நம்பகமா ஒரு அளவு சொல்லுங்க. கப்லயே சொன்னா நல்லது.

கப்பில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஒரே கப்பில் மைதாவைத் தூவி நிரப்பினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம். அந்த 30 கிராம்தான் கேக் வறண்டுபோவதற்கு முக்கியக் காரணம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள்.

8க்கு 4 அங்குல நீள டின்னுக்கு: மைதா 180 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், முட்டை 3, பால் 60 மில்லி. வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, சலித்த மாவையும் பாலையும் மாற்றி மாற்றிச் சேருங்கள். மாவு சேர்த்த பிறகு அடிக்காமல் கரண்டியால் மடித்துக் கலந்தால் போதும். 170 டிகிரியில் 45 முதல் 50 நிமிஷம். நடுவில் குச்சி குத்தினால் ஈரமாவு ஒட்டக் கூடாது.

முட்டை சேர்க்காதவர்களுக்கு இந்த அளவிலேயே முட்டையை மட்டும் எடுத்துவிட்டால் சரியாக வராது. வேறு அளவு வேண்டும்: மைதா 190 கிராம், கெட்டித் தயிர் 240 கிராம், சர்க்கரை 160 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன். சோடாவைத் தயிரோடு சர்க்கரையும் சேர்த்துக் கலக்கி ஐந்து நிமிஷம் வையுங்கள். நுரைத்து வந்ததும் எண்ணெய், பிறகு மாவு. கலந்தவுடன் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும்.

நடுவுல குழி விழுது. சில சமயம் அடியில களி மாதிரி நிக்குது. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. குழி விழுவது, உள்ளே வேகுமுன் மேலே எழும்பிவிட்டதால். பேக்கிங் பவுடர் கூடியிருக்கும், அல்லது முதல் 30 நிமிஷத்துக்குள் கதவைத் திறந்திருப்பீர்கள், அல்லது சீக்கிரம் எடுத்திருப்பீர்கள்.

அடியில் களி போல நிற்பது வெண்ணெய் உருகிப்போனதால். ஏட்டில் “அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்” என்று எழுதியிருப்பது 20, 22 டிகிரி அறையை நினைத்து எழுதியது. சித்திரை வைகாசியில் சேலத்து அடுப்பங்கரை 35ஐத் தாண்டும், அங்கே வெண்ணெய் நெய்யாகப் பிரிய ஆரம்பித்துவிடும். ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டுப் பத்து நிமிஷம் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. அடிக்கும் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் இதே வெண்ணெய் ஒரு மணி நேரமானாலும் இளகாது. அங்கே வெதுவெதுப்பான தண்ணீர்த் தட்டு.

சேலத்துல அருமையா வந்த கேக் ஏற்காட்டுல தங்கச்சி வீட்டுல செஞ்சா அமுங்கிப்போச்சு. அதே ஓவன், அதே அளவு. ஏன்?

உயரம்தான் காரணம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் கேக்குக்குள் உண்டாகும் வாயு அதிகமாக விரிகிறது. தண்ணீரும் 95 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. மாவு இறுகுவதற்குள் குமிழிகள் பெருத்து உடைந்து, கேக் எழும்பிய வேகத்தில் உட்காருகிறது. ஈரம் போவதால் சர்க்கரை செறிவு கூடுவதும் இறுகுவதைத் தாமதப்படுத்தும்.

மேலே சொன்ன முட்டை கேக்குக்கு ஏற்காட்டு அளவு: பேக்கிங் பவுடர் ஒன்றரைக்குப் பதில் ஒன்றேகால் டீஸ்பூனைவிடச் சற்றுக் குறைவு, சர்க்கரை 140 கிராம், பால் 60க்குப் பதில் 90 மில்லி, சூடு 180 டிகிரி. 40ஆவது நிமிஷமே குச்சி குத்திப் பாருங்கள். நான்கு மாற்றத்தையும் சேர்த்துச் செய்யுங்கள், பவுடரை மட்டும் குறைத்தால் கேக் வறண்டு போகும். பிஸ்கட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே பனிமூட்டத்தில் நமத்துப்போவதுதான் பிரச்சினை. நமத்த பிஸ்கட்டை 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

மாம்பழ சீசன்ல மல்கோவா போட்டுக் கேக் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் பழக்கூழை அப்படியே ஊற்றினால் ஈரம் கூடி, மேலே சொன்னது போன்ற களி அடி இதிலும் வந்துவிடும். 200 மில்லி கூழை அடிகனமான சட்டியில் சிறுதீயில் கிளறிப் பாதியாக வற்றவையுங்கள். ஆறியதும் பாலுக்குப் பதில் அதைச் சேர்த்து, சர்க்கரையில் 20 கிராம் குறையுங்கள். நார் உள்ள பழமானால் வடிகட்டிவிட்டு வற்றவையுங்கள்.

மாம்பழம் இல்லாத மாதங்களில் ஏற்காட்டுக் காப்பி இருக்கிறது. பாலுக்குப் பதிலாக 60 மில்லி முதல் டிகாக்ஷன், அவ்வளவுதான். சிக்கரி கலக்காத தூளில் இறக்கியதாக இருக்கட்டும். சிக்கரி கேக்கில் கசப்பை மட்டுமே விட்டுச்செல்கிறது.

பிறந்தநாளுக்குக் கிரீம் வெச்சுக் குடுத்தாத்தானே நல்லா இருக்கும்?

மே மாதத்தில் சேலத்துக்குள் ஒரு தெரு தாண்டுவதற்குள் அடித்த கிரீம் இளகிவிடும், வெண்ணெய் கிரீமும் நிற்காது. கெட்டியாக நிற்பது டார்க் சாக்லேட் பூச்சு: சாக்லேட் 200 கிராமுக்குக் காய்ச்சிய கிரீம் 100 மில்லி. எங்கள் அபிப்பிராயத்தில், கோடையில் அலங்காரத்துக்குச் செலவிடும் இரண்டு மணி நேரத்தில் ஒரு பை தைத்துவிடலாம், அது பல வருஷம் அவர் கையில் இருக்கும்.

சூடு பிடிக்கிற துணி தைச்சேன், கை சுட்டுடுச்சு. ரெண்டு மடிப்பு போட்டும் ஏன்?

உள்ளே பாலியஸ்டர் பஞ்சு வைத்திருந்தால் அது சூட்டில் உருகி அமுங்கிவிடும். துணியைத் தீயில் காட்டிப் பார்க்கச் சொன்ன சோதனை இதற்குத்தான் முக்கியம். 8 அங்குலச் சதுரத்தில் மேலும் கீழும் காட்டன், நடுவில் பழைய காட்டன் துண்டு மூன்று மடிப்பு. நகராமலிருக்க முதலில் கையால் நூலோட்டம் போட்டு, பிறகு இரண்டு அங்குல இடைவெளியில் கோடு கோடாகத் தையுங்கள். நூலும் காட்டன் நூலாக இருக்கட்டும். ஓரத்துக்கு இரண்டரை அங்குல கிராஸ் பீஸ், அதாவது துணியைச் சாய்வாக வெட்டிய பட்டை.

எவ்வளவு கனமாகத் தைத்தாலும் ஈரமாக இருந்தால் சுடும். தண்ணீர் சூட்டை நொடியில் கைக்குக் கடத்திவிடும். கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள்.

தோழிக்குச் சொல்லாம பிளவுஸ் தைச்சு அசத்தணும்னு ஆசை. அவளோட பழைய பிளவுஸ் அளவு எடுத்தாப் போதுமா?

போதாது. பழைய பிளவுஸ் உடலோடு சேர்ந்து நீண்டும் சுருங்கியும் இருக்கும். கைக்குழியும் தோளும் அரை அங்குலம் தவறினாலும் கையைத் தூக்க முடியாது. அவர் உங்களைப் புண்படுத்தக் கூடாதென்று வாங்கி வைத்துக்கொள்வார், போடமாட்டார். பிளவுஸ் தைத்தே கொடுக்க வேண்டுமென்றால் சொல்லிவிட்டு அளவெடுங்கள், உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தையுங்கள். சொல்லாமல் கொடுக்க இலாஸ்டிக் வைத்த பாவாடை, நாடா கட்டும் ஏப்ரன், தலையணை உறை.

அவருக்குச் சுகர். நாட்டுச்சர்க்கரை போட்டுச் செஞ்சாப் பரவாயில்லைதானே?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும், மைதாவும் ஏற்றும். அவர் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுவார் என்பதால் அந்தச் சங்கடத்தை நீங்களே தவிர்த்துவிடுங்கள். அவருக்குத் தைத்த பொருளைக் கொடுங்கள். முந்திரி, வேர்க்கடலை, பால், முட்டை யாருக்கு ஆகாது என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிப் பையோடு வையுங்கள்.

ஏற்காட்டுக்குப் பஸ்ல கொண்டுபோகணும். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி கேக் முழுசா போய்ச் சேருமா?

கிரீம் இல்லாத நீள கேக் முழுசாகப் போகும். முந்தின நாள் மதியமே சுட்டு, டின்னிலிருந்து எடுத்துக் கம்பி வலையில் மூன்று மணி நேரமாவது ஆறவிடுங்கள். இளஞ்சூட்டில் சுற்றினால் உள்ளே வியர்த்து, சேலத்துச் சூட்டில் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, அட்டைத் துண்டை அடியில் கொடுத்து, நீங்கள் தைத்த பையில் வையுங்கள். பக்கங்களில் மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு கைத்துண்டைச் செருகினால் வளைவுகளில் நகராது. பையை மேலே சாமான் பலகையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் வெளியே இரண்டு நாள் தாங்கும். மாம்பழ கேக் ஒரு நாள்தான், பிறகு ஃப்ரிஜ்.

கடையில வாங்கினா இதைவிட மலிவா இருக்கே?

பல சமயம் மலிவுதான். பணத்தை மிச்சம் பிடிக்கவென்று ஆரம்பித்தால் சீக்கிரம் அலுத்துவிடும். ஆனால் இன்னாருக்கு இடுப்பு உயரம் இவ்வளவு, அவர் தோளில் மாட்டமாட்டார், கையில்தான் பிடிப்பார் என்று தெரிந்து பிடியின் நீளத்தை 22லிருந்து 14க்குக் குறைப்பது எந்தக் கடையிலும் நடக்காது. இனிப்பு குறைவாகக் கேட்கும் நண்பருக்குச் சர்க்கரையை 120 கிராமாக்குவதும் அப்படித்தான். அந்தச் சந்தோஷம் செய்கிறவருக்கும் உண்டு, வாங்குகிறவருக்கும் உண்டு.

இப்ப எல்லாரும் ‘எனக்கும் செஞ்சு குடு’ங்கறாங்க. முடியலைன்னு எப்படிச் சொல்றது? காசு வாங்கிட்டுச் செய்யலாமா?

மாதத்துக்கு எத்தனை என்று நீங்களே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்கு “ஆவணியில் தருகிறேன்” என்று மாதத்தைச் சொல்லிவிடுங்கள். முடியாது என்று சொல்வதைவிட எளிது, சொன்னபடி கொடுக்கவும் முடியும். பைகளை ஒவ்வொன்றாகத் தைக்காமல் நான்கை ஒன்றாக வெட்டி, எல்லாப் பிடிகளையும் ஒரே மூச்சில் தைத்து வைத்தால் நேரம் வெகுவாகக் குறையும். கேக்கை அப்படி முன்கூட்டிச் செய்ய முடியாது என்றாலும், உலர்ந்த பொருள்களை எடைபோட்டு டப்பாக்களில் பெயரெழுதி வைத்துக்கொள்ளலாம்.

காசு வாங்கி உணவுப்பொருள் விற்பதானால், வீட்டில் செய்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) பதிவு வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். நண்பர்களுக்குச் சும்மா கொடுப்பதற்குத் தேவையில்லை. மைதா, வெண்ணெய்க்கு மட்டும் காசு கொடுக்கிறேன் என்று நெருங்கியவர்கள் வற்புறுத்தினால், பொருளாகவே வாங்கித் தரச் சொல்லுங்கள். அரைக் கிலோ வெண்ணெய் மூன்று கேக்குக்கு வரும்.